பிசின் வடியும்வரை பொறுக்கும் கடன்

மெக்சிகோ நாட்டுப் பைன் பிசினில் பெரும்பகுதி மிச்சோவாகான் என்ற ஒரே மாநிலத்திலிருந்து வருகிறது. அங்குள்ள மலைகளில் வாழும் பூரெபெச்சா பழங்குடி மக்களில் பலருக்குப் பிசின் எடுப்பதுதான் பிழைப்பு.

பைன் மரம் தன்னைக் காத்துக்கொள்ளத்தான் பிசின் சுரக்கிறது. வண்டு பட்டையைத் துளைத்தால், கட்டைக்குள் ஓடும் நுண்குழாய்களிலிருந்து பிசின் கசிந்து வந்து வண்டை வெளியே தள்ளும், காயத்தையும் அடைத்துவிடும். பிசின் எடுப்பவர்கள் அந்தக் காயத்தை அளவாக உண்டாக்குகிறார்கள். அடிமரத்தில் பட்டையைச் சீவி, கீழே தகரத் தகடு செருகி, ஒரு குவளையை மாட்டுகிறார்கள். சில நாளில் காயம் ஆறி ஒழுக்கு நின்றுவிடும். அப்புறம் பழைய வெட்டுக்குச் சற்று மேலே இன்னொரு மெல்லிய சீவல். கத்தி ஆழமாக இறங்கினால் மரம் நலியும். பதமாகச் சீவினால் வருடக்கணக்கில் வடியும். ஆலையில் காய்ச்சினால் ஆவியாகிப் பிரிவது டர்பன்டைன், அடியில் தங்குவது ரோசின். பெயின்ட், பசை, அச்சு மை எல்லாவற்றுக்கும் இவை வேண்டும். ஈயப் பற்றவைப்பில் தொட்டுக்கொள்ளும் மஞ்சள் கட்டியும் ரோசின்தான்.

சிக்கல் எங்கே என்றால், நட்ட கன்று பிசின் தரும் மரமாகச் சுமார் 10 ஆண்டுகள் ஆகும். அதுவரை களை எடுக்க வேண்டும், மாடு மேயாமல் வேலி போட வேண்டும், காட்டுத்தீ பரவாதபடி தடுப்புப் பாதை வெட்ட வேண்டும். வருமானமோ கிடையாது. பக்கத்திலேயே சில வருடங்களில் காய்த்துக் காசு தரும் அவகாடோ தோட்டங்கள். அவற்றுக்காக அழிந்த பைன் காடு ஏராளம். மரக் கடத்தலும் சேர்ந்துகொண்டது. 2011 ஏப்ரலில் இதே மாநிலத்தின் செரான் ஊர்ப் பெண்கள் முன்னால் நின்று கடத்தல் லாரிகளை மறித்தார்கள். அதன் பிறகு அந்த ஊர் தானே நாற்றங்கால் அமைத்துக் காட்டை மீட்கத் தொடங்கியது.

ஊக்கம் இருந்தும் கடன் கிடைப்பது கடினம். நிலம் ஊர்ப் பொது நிலம். சட்டப்படி அதை அடகு வைக்க முடியாது. ஈடு இல்லாமல் வங்கி எப்படிக் கொடுக்கும்?

எஹிடோ வெர்தே என்ற நிறுவனம் இந்த இடத்தில்தான் நுழைகிறது. நடுவதற்கும் பராமரிப்பதற்கும் வட்டியில்லாக் கடன் தருகிறது. அதில் ஒரு பங்கு, 25 டாலர் அளவிலான சிறு தொகைகளாக, பொதுமக்கள் கடன் கொடுக்க வழிசெய்யும் கீவா இணையதளம் வழியாகத் திரண்டது. கன்று வளரும் காலத்தில் செய்யும் வேலைக்கு இந்தப் பணமே கூலி. மரம் வடியத் தொடங்கிய பிறகு, பிசினில் ஒரு பங்கைக் கொண்டு கடனை அடைக்கிறார்கள்.

வட்டி இல்லை என்பதைவிட இந்தத் தவணை முறைதான் பெரிய விஷயம் என்று நினைக்கிறேன். வழக்கமான குறுங்கடன் வாராவாரம் பணம் கேட்கும். மளிகைக் கடைக்கு அது சரி. பைன் கன்றை வைத்திருப்பவர் அந்தத் தவணைக்கு எங்கே போவார்? கன்றைப் பிடுங்கிவிட்டு வேறு பயிர் வைக்கத்தான் வேண்டும்.

தீ, பிசின் விலைச் சரிவு என்ற ஆபத்துகள் இதிலும் உண்டு. ஆனால் கடன் அடைந்த பிறகும் மரம் பிசின் தருவதால், வெட்டி விறகாக விற்பதைவிட நிற்கவிடுவதே குடும்பத்துக்கு லாபம்.