மாநிலத்தின் கணக்கில் துண்டு விழுவது எப்படி?

1937 அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது. சென்னை மாகாணத்தின் பிரதமராக (இன்றைய முதலமைச்சர் பதவிக்கு அன்று அதுவே பெயர்) அப்போது பொறுப்பிலிருந்த இராஜாஜி, தாம் பிறந்த மாவட்டத்தையே, நகராட்சித் தலைவராக இருந்து நிர்வாகம் பழகிய ஊரையே அந்தச் சோதனைக்குத் தேர்ந்தெடுத்தார். கள், சாராயக் கடைகளிலிருந்து வந்த ஆயத்தீர்வை அன்றைய மாகாண அரசின் முதன்மையான வருவாய்களில் ஒன்று. மறு ஆண்டில் சித்தூர், கடப்பை மாவட்டங்களுக்கும் மதுவிலக்கு விரிந்தபோது கருவூலத்தில் விழுந்த ஓட்டையை அடைக்க வேறு வழி தேட வேண்டியிருந்தது. அந்தத் தேடலின் விளைவாகவே 1939இல் பொது விற்பனை வரிச் சட்டம் வந்தது. இந்தியாவில் எல்லாப் பொருள்களுக்குமான விற்பனை வரியை முதலில் விதித்தது சென்னை மாகாணம்தான். வணிகர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். ஆயினும் வரி நிலைத்தது. சில ஆண்டுகளில் மதுவிலக்கு தளர்த்தப்பட்டு மீண்டும் வந்து மீண்டும் போனபோதும் விற்பனை வரி போகவில்லை. 2007இல் மதிப்புக் கூட்டு வரியாகவும், 2017 ஜூலை 1 முதல் பெரும்பாலான பொருள்களுக்கு ஜி.எஸ்.டி.யாகவும் உருமாறி, இன்றும் மாநில வருவாயின் முதுகெலும்பாக இருக்கிறது.

பட்ஜெட்டில் துண்டு விழுகிறது என்ற செய்தி வரும்போதெல்லாம் நடக்கும் வாதங்களைக் கேட்டால், ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இரு தரப்பினரும் இரு வேறு தொகைகளைப் பேசுவது தெரியும். துண்டு இரண்டு வகைப்படும். வரி, கட்டணம், ஒன்றிய அரசின் பங்கு, மானியம் ஆகியவற்றால் ஓராண்டில் வரும் பணத்தைவிடச் சம்பளம், ஓய்வூதியம், வட்டி, உதவித்தொகை, பராமரிப்பு போன்ற அன்றாடச் செலவுகள் மிகுந்தால் அது வருவாய்ப் பற்றாக்குறை. அதோடு சாலை, பாலம், மருத்துவமனைக் கட்டடம் போன்ற மூலதனச் செலவுகளையும் அரசு பிறருக்குக் கொடுக்கும் கடன்களையும் சேர்த்துப் பார்க்கும்போது கடன் வாங்கி ஈடுகட்ட வேண்டியதாக எஞ்சும் மொத்தத் தொகை நிதிப் பற்றாக்குறை.

2025-26ஆம் ஆண்டுக்கான தமிழ்நாடு பட்ஜெட்டை எடுத்துக்கொள்வோம். மதிப்பிடப்பட்ட வருவாய் வரவு 3,31,569 கோடி ரூபாய். வருவாய்ச் செலவு 3,73,204 கோடி. இரண்டுக்கும் இடையிலான 41,635 கோடி வருவாய்ப் பற்றாக்குறை. நிதிப் பற்றாக்குறை 1,06,963 கோடி, அதாவது மாநிலத்தின் மொத்த உற்பத்தி மதிப்பில் 3 விழுக்காடு. இவ்விரு தொகைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் நிலைமை புரியும்: புதிதாகத் திரட்டப்படும் ஒவ்வொரு 100 ரூபாய்க் கடனிலும் ஏறத்தாழ 39 ரூபாய் அன்றாடச் செலவுக்கே போய்விடுகிறது. ஏற்காட்டில் காப்பித் தோட்டம் வைத்திருப்பவர் பழைய செடிகளைக் களைந்து புதிய கன்று நடக் கடன் வாங்கினால், நாலைந்து ஆண்டுகளில் காய்ப்பு வந்து கடன் அடையும். பறிப்புக் கூலி கொடுக்கவே ஆண்டுதோறும் கடன் வாங்கினால் அடுத்த ஆண்டின் பறிப்பு முந்தைய ஆண்டின் வட்டிக்குப் போகும். வருவாய்ப் பற்றாக்குறையைத் தனியாகக் கவனிக்க வேண்டிய காரணம் இதுவே.

இந்தப் பாகுபாட்டில் ஒரு குறையும் உண்டு. ஏற்காடு ஒன்றியத்தின் மலைக்கிராமப் பள்ளி ஒன்றில் பணிபுரியும் ஆசிரியரின் சம்பளம் வருவாய்ச் செலவு. அதே பள்ளிக்குக் கட்டும் சுற்றுச்சுவர் மூலதனச் செலவு. எதனால் எதிர்கால வருமானம் பெருகும் என்று கேட்டால், என் மனம் ஆசிரியர் பக்கமே சாயும். ஆகவே வருவாய்ச் செலவு முழுவதையும் வீண் என்று ஒதுக்கும் பேச்சை நான் ஏற்பதில்லை. ஆனாலும் ஆசிரியருக்கான சம்பளத்தை ஆண்டுதோறும் கடனில் கொடுப்பதற்கும் வரியில் கொடுப்பதற்கும் உள்ள வேறுபாடு, அந்தச் செலவு நல்லது என்பதால் மறைந்துவிடாது.

தமிழ்நாட்டில் 2011-12, 2012-13 ஆண்டுகளில் வருவாய் உபரி இருந்தது. 2013-14 முதல் பற்றாக்குறை தொடர்கிறது. 2021 ஆகஸ்டில் அன்றைய நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் வெளியிட்ட வெள்ளை அறிக்கை, 2020-21ஆம் ஆண்டின் வருவாய்ப் பற்றாக்குறை 61,320 கோடி ரூபாய் எனக் குறிப்பிட்டது. அது கொரோனா ஆண்டு என்பது உண்மை. ஆனால் சரிவு அதற்கு முன்பே தொடங்கிவிட்டது என்பதுதான் அந்த அறிக்கையின் மைய வாதம்.

செலவுப் பக்கத்தில் எதைக் குறைக்கலாம் என்று பேசுவோர் பெரும்பாலும் உதவித் திட்டங்களையே முதலில் சுட்டிக்காட்டுகிறார்கள். கலைஞர் மகளிர் உரிமைத் தொகைக்கு 2025-26இல் ஒதுக்கப்பட்டது 13,807 கோடி ரூபாய். அதை முழுவதுமாக நிறுத்தினாலும் வருவாய்ப் பற்றாக்குறையில் மூன்றில் ஒரு பங்குதான் குறையும். அதே ஆண்டில் பழைய கடன்களுக்கான வட்டி மட்டும் 70,000 கோடி ரூபாய்க்கு மேல், அதாவது உரிமைத் தொகையைப் போல ஐந்து மடங்கு. சம்பளம், ஓய்வூதியம், வட்டி மூன்றும் சேர்ந்து வருவாய் வரவில் ஏறத்தாழ 61 விழுக்காட்டை விழுங்கிவிடுகின்றன. இவை எந்த அரசு வந்தாலும் ஓரிரு ஆண்டுகளில் குறைக்க முடியாதவை.

இனி வரவு. மேற்சொன்ன 3,31,569 கோடியில் மாநிலத்தின் சொந்த வரி வருவாய் 2,20,895 கோடி, அதாவது மூன்றில் இரண்டு பங்கு. ஒன்றிய வரிகளில் பங்கு 58,022 கோடி. வரியல்லாத வருவாய் 28,818 கோடி. ஒன்றிய அரசின் மானியம் 23,834 கோடி. சொந்த வரி என்று பெயர் இருந்தாலும் அதன் விகிதங்கள் எல்லாம் மாநிலத்தின் கையில் இல்லை என்பதைச் சேலத்திலிருந்தே பார்க்கலாம்.

செவ்வாய்ப்பேட்டையில் ஒருவர் 10,000 ரூபாய்க்கு வெள்ளிக் கொலுசு வாங்குகிறார் என்று கொள்வோம். ஜி.எஸ்.டி. 3 விழுக்காடு, 300 ரூபாய். பில்லில் அது இரண்டாகப் பிரிந்து நிற்கும்: மாநிலத்துக்கு 150, ஒன்றியத்துக்கு 150. ஒன்றியத்துக்குப் போன 150இல் 41 விழுக்காடு மாநிலங்களுக்கான பொதுத் தொகுப்பில் சேர வேண்டும் என்பது, ஒன்றிய வரிகளைப் பங்கிடும் முறையை வகுக்கும் நிதிக்குழுக்களில் பதினைந்தாவது குழு 2021-26 ஆண்டுகளுக்கு அளித்த பரிந்துரை; அது 61 ரூபாய் 50 காசு. அந்த ஆண்டுகளில் அத்தொகுப்பில் தமிழ்நாட்டின் பங்கு 4.079 விழுக்காடு, ஆகவே அந்த ஒரு கொலுசிலிருந்து அவ்வழியே திரும்பி வருவது சுமார் இரண்டரை ரூபாய். பிற மாநிலங்களில் விற்கும் பொருள்களிலிருந்தும் தமிழ்நாட்டுக்கு இதே விகிதத்தில் பங்கு வருகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். இரண்டரை ரூபாயை மட்டும் காட்டி வாதிடுவது முழுக்கணக்கு ஆகாது. அந்தக் கொலுசே மகாராஷ்டிரத்துக்குப் போய் விற்றிருந்தால் மாநிலப் பங்கு அங்கேதான் சேரும், ஜி.எஸ்.டி. பொருளை நுகரும் இடத்துக்குரிய வரி. கொலுசையும் ஜவ்வரிசியையும் வடமாநிலங்களுக்கு ஏராளமாக அனுப்பும் சேலம் போன்ற உற்பத்தி ஊர்களுக்கு இந்த ஏற்பாட்டின் பொருள் என்ன என்பது வெளிப்படை.

ஏற்காட்டில் ஓர் இரவுக்கு 2,000 ரூபாய் வாடகையுள்ள விடுதி அறைக்கு 2025 செப்டம்பர் 21 வரை வரி 12 விழுக்காடு. மறுநாள் முதல் 5 விழுக்காடு. பில்லில் மாநிலத்தின் பகுதி 120 ரூபாயிலிருந்து 50 ரூபாயாகிவிட்டது. முன்பு விடுதிக்காரர் தாம் செலுத்திய வரியைக் கழித்துக்கொள்ள முடிந்தது, இப்போது முடியாது என்பதால் உண்மையான இழப்பு இதைவிடக் குறைவு. சுற்றுலாவுக்கு இந்தக் குறைப்பு நல்லதாகவே இருக்கலாம். ஆனால் முடிவு எடுக்கப்பட்ட இடம் சட்டமன்றம் அன்று, ஜி.எஸ்.டி. மன்றம். அங்கே ஒன்றிய அரசின் வாக்குக்கு மூன்றில் ஒரு பங்கு எடை. எல்லா மாநிலங்களின் வாக்குகளுக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு பங்கு. தீர்மானம் நிறைவேற நான்கில் மூன்று பங்கு ஆதரவு வேண்டும். ஒரு மாநிலம் தனியாக எதையும் கூட்டவோ குறைக்கவோ இயலாது. ஜி.எஸ்.டி. தொடங்கியபோது, ஆண்டுக்கு 14 விழுக்காடு வளர்ச்சிக்குக் குறைந்தால் ஈடுசெய்வதாக அளிக்கப்பட்ட உறுதியும் 2022 ஜூன் 30உடன் முடிந்துவிட்டது.

மாநிலம் தானே விகிதம் முடிவு செய்யக்கூடியவை இன்று சிலவே: மது, பெட்ரோல், டீசல், பத்திரப்பதிவு, வாகன வரி, மின்சார வரி. பெட்ரோலுக்கு விழுக்காட்டு வரியோடு லிட்டருக்கு இவ்வளவு என்ற நிலையான வரியையும் 2020இல் தமிழ்நாடு சேர்த்தது. விழுக்காடு மட்டும் இருந்தால் கச்சா எண்ணெய் விலை சரியும்போது வருவாயும் சரியும். நிலையான பகுதி அதைத் தாங்கிப் பிடிக்கும். 2021 ஆகஸ்டில் பெட்ரோல் வரியை லிட்டருக்கு 3 ரூபாய் குறைத்தபோது அதனால் ஆண்டுக்கு 1,160 கோடி ரூபாய் இழப்பு என அரசே அறிவித்தது. ஏற்றுவதற்கும் எல்லை உண்டு. அண்டை மாநிலத்தில் டீசல் மலிவாக இருந்தால் சங்ககிரியிலிருந்து புறப்படும் லாரி ஓசூரைத் தாண்டித்தான் டேங்கை நிரப்பும்.

நிதிக்குழுப் பங்கீட்டைப் பற்றிய மனக்குறை தமிழ்நாட்டில் நியாயமானது. பதின்மூன்றாவது நிதிக்குழுவில் 4.969 விழுக்காடாக இருந்த நம் பங்கு பதினைந்தாவதில் 4.079ஆகக் குறைந்தது. அதன் சூத்திரத்தில் 45 விழுக்காடு எடை, தனிநபர் வருமானத்தில் ஒரு மாநிலம் எவ்வளவு பின்தங்கியிருக்கிறது என்பதற்கு. முன்னேறிய மாநிலத்துக்கு அது பாதகம். மேலும் செஸ், கூடுதல் வரி என்ற பெயரில் ஒன்றிய அரசு வசூலிக்கும் தொகைகள் பங்கீட்டுக்குள் வருவதே இல்லை. என் பார்வையில் திருத்தப்பட வேண்டிய முதல் அநீதி இதுதான். ஏழை மாநிலத்துக்குக் கூடுதலாகக் கொடுக்கும் கொள்கையை மட்டும் நான் குறை சொல்லமாட்டேன். சேர்வராயன் மலையின் சாலைகளுக்கும் பள்ளிகளுக்கும் ஆகும் செலவை அம்மலை கிராமங்கள் கட்டும் வரியைக் கொண்டு எவரும் அளப்பதில்லை. சென்னையிலும் கோவையிலும் திரளும் வரியும் அங்கே போகிறது, போகவும் வேண்டும்.

மீதித் துண்டு கடனால் நிரப்பப்படுகிறது. மாநில அரசின் கடன் பத்திரங்களை ரிசர்வ் வங்கி ஏலம் விடுகிறது. வங்கிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் வருங்கால வைப்பு நிதிகளும் வாங்குகின்றன. நம் காப்பீட்டுத் தவணையில் ஒரு பகுதி இப்படித்தான் அரசுக்குக் கடனாகப் போகிறது. 2026 மார்ச் முடிவில் நிலுவைக் கடன் 9,29,959 கோடி ரூபாய், அதாவது மாநில உற்பத்தியில் 26.07 விழுக்காடு என மதிப்பிடப்பட்டது. கோடிகளை மட்டும் சொல்லி அச்சமூட்டுவதும் விழுக்காட்டை மட்டும் சொல்லி ஆறுதல் கூறுவதும் அரைகுறைதான். உற்பத்தி மதிப்பு வட்டி விகிதத்தைவிட வேகமாக வளரும் வரை விகிதம் கட்டுக்குள் இருக்கும். வளர்ச்சி மந்தமாகும் ஆண்டில் அதே கடன் கழுத்தை நெரிக்கும்.

அப்படியானால் 41,635 கோடியை எங்கிருந்து கொண்டுவருவது? பத்திரப்பதிவு வருவாய் 26,000 கோடி சொச்சம்; அதை இரட்டிப்பாக்கினாலும் போதாது, அப்படி இரட்டிப்பாக்கினால் பதிவே குறைந்துவிடும். சேலம் மாநகராட்சி போன்ற உள்ளாட்சிகள் வசூலிக்கும் தொழில் வரிக்கு அரசமைப்புச் சட்டம் ஒருவருக்கு ஆண்டுக்கு 2,500 ரூபாய் என உச்சவரம்பு வைத்திருக்கிறது. 1988இல் வைத்த வரம்பு அது. அதை உயர்த்துவதும், நில வழிகாட்டி மதிப்பைச் சிறுகச் சிறுக உரிய காலத்தில் திருத்துவதும், மின்வாரிய இழப்பைக் குறைப்பதும் ஒன்றாக நடந்தால்தான் இந்த இடைவெளி சுருங்கும். ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் பையைத் தொடும் நடவடிக்கை என்பதால் அரசுகள் தள்ளிப்போடுகின்றன.

தள்ளிப்போடும் ஆண்டுகளில் முதலில் வெட்டு விழுவது மூலதனச் செலவில்தான். சம்பளத்தை நிறுத்த முடியாது, வட்டியை நிறுத்த முடியாது. சாலைப் பணியை அடுத்த ஆண்டுக்கு ஒத்திவைக்கலாம், யாரும் உடனே கேட்கமாட்டார்கள். 2024-25இல் வருவாய்ப் பற்றாக்குறை 49,279 கோடி என மதிப்பிடப்பட்டு, திருத்திய மதிப்பீட்டில் 46,467 கோடியாகக் குறைந்தது. அதே ஆண்டின் மூலதனச் செலவு 47,681 கோடியிலிருந்து 46,766 கோடியாக இறங்கியது. பட்ஜெட் மதிப்பீடு, திருத்திய மதிப்பீடு, பின்னர் தணிக்கைக்குப் பின் வரும் உண்மைக் கணக்கு என்ற மூன்று நிரல்களிலும் இவ்விரண்டு தொகைகளையும் சேர்த்துப் படிப்பவருக்கே, துண்டு வரவு பெருகியதால் சுருங்கியதா, பணிகள் நின்றதால் சுருங்கியதா என்பது தெரியும்.