குடிநீர் ரிப்போர்ட்டில் இல்லாத ரசாயனம்: மதுரைக்காரர்கள் என்ன கேட்கலாம்?

தெருவில் தண்ணீர் விடும் நேரத்தில் மாநகராட்சி ஊழியர் சின்னக் கண்ணாடிக் குழாயோடு வருவதைப் பார்த்திருப்பீர்கள். தண்ணீர் பிடித்து, இரண்டு சொட்டு மருந்து விட்டுக் குலுக்குவார். மஞ்சளாக மாறினால் குளோரின் இருக்கிறது என்று குறித்துக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போவார். கிருமிக்கு அந்தச் சோதனை அவசியம்தான். ஆனால் ரசாயனம் ஏதும் கலந்திருக்கிறதா என்பதை அந்த மஞ்சள் நிறம் சொல்லாது.

பி.எஃப்.ஏ.எஸ். என்றொரு ரசாயனக் குடும்பம் இருக்கிறது. ஒட்டாத தவா, மழைக்கோட்டு, தீயணைப்பு நுரை, குரோம் முலாம் பூசும் பட்டறை என்று பல இடங்களில் பயன்பட்டது, இன்னும் பயன்படுகிறது. கார்பனும் புளோரினும் இறுகப் பிணைந்திருப்பதால் மண்ணிலும் நீரிலும் எளிதில் சிதையாது. அதில் சில வகைகள் உடம்புக்குள் போனால் ரத்தத்தில் வருடக்கணக்கில் தங்கும். பி.எஃப்.ஓ.ஏ. என்ற வகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2023இல் அறிவித்தது. தண்ணீரைக் கொதிக்க வைத்தாலும் இது போகாது. ஆவியாகிப் போவது தண்ணீர்தான்; ரசாயனம் பாத்திரத்திலேயே நிற்கும். மணல் வடிகட்டியும் குளோரினும்கூட இதை நீக்காது.

அமெரிக்கா 2024இல் பி.எஃப்.ஓ.ஏ.வுக்கு லிட்டருக்கு 4 நானோகிராம் என்று வரம்பு வைத்தது. ஒரு கிராம் பொடியை 25 கோடி லிட்டர் தண்ணீரில் கரைத்தால் வரும் அளவு அது. நம் நாட்டுக் குடிநீர்த் தரம் ஐ.எஸ். 10500. அதன் 2012ஆம் ஆண்டுப் பதிப்பில் புளோரைடு, நைட்ரேட், ஈயம், ஆர்சனிக், எண்டோசல்பான் போன்ற பூச்சிக்கொல்லிகள் எல்லாம் உண்டு. பி.எஃப்.ஏ.எஸ். இல்லை. அதனால் 'குடிக்க உகந்தது' என்று ஒரு ரிப்போர்ட் வந்தால், சோதித்த பொருள்கள் வரம்புக்குள் இருக்கின்றன என்றுதான் அர்த்தம். எதைச் சோதித்தார்கள் என்பதைத்தான் நாம் முதலில் கேட்க வேண்டும்.

கேட்க உரிமை இருக்கிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005. வெள்ளைத்தாளில் மனு எழுதி, 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டி, மாநகராட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பலாம். கிராமத்தில் கூட்டுக் குடிநீர் வந்தால் குடிநீர் வடிகால் வாரியத்துக்கு அனுப்புங்கள். வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்குக் கட்டணம் இல்லை. சான்று இணைத்தால் போதும்.

'ஏன் சோதிக்கவில்லை?' என்று எழுதாதீர்கள். அப்படிக் கேட்டால் தட்டிக்கழிப்பது சுலபம். ஆவணத்தின் நகலைக் கேளுங்கள்: 'எங்கள் வார்டுக்கு வரும் குடிநீரின் கடந்த ஓராண்டு ஆய்வறிக்கைகள், சோதித்த பொருள்களின் பட்டியலோடு. பூச்சிக்கொல்லிக்கும் பி.எஃப்.ஏ.எஸ்.க்கும் சோதனை நடந்திருந்தால் அதன் முடிவு, சோதித்த ஆய்வகத்தின் பெயர்.' பக்கத்துக்கு 2 ரூபாய். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அதற்கடுத்த 30 நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதலாம்.

ஊராட்சிகளில் இன்னொரு வழியும் உண்டு. மார்ச் 22, உலக தண்ணீர் தினத்தன்று நம் மாநிலத்தில் கிராம சபை கூடும். ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு 5 பெண்களுக்குச் சோதனைப் பெட்டியைக் கையாளப் பயிற்சி தரச் சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் செய்த தண்ணீர்ச் சோதனையின் முடிவுகளைச் சபையில் வாசிக்கச் சொல்லுங்கள். அந்தப் பெட்டியால் பி.எஃப்.ஏ.எஸ்.ஸைப் பிடிக்க முடியாது, அதற்குப் பெரிய ஆய்வகக் கருவி வேண்டும். ஆய்வகச் சோதனை வேண்டும் என்று தீர்மானம் போடலாம்.

ஆலைக் கழிவுநீர் வெளியேறும் இடத்துக்குப் பக்கத்தில் கிணறோ கண்மாயோ இருக்கிறதா? 1974ஆம் ஆண்டு நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தின் 25(6) பிரிவைக் குறித்துக்கொள்ளுங்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், தான் தந்த அனுமதி விவரங்களைப் பதிவேடாக வைத்திருக்க வேண்டும். அந்தப் பதிவேட்டில் கழிவுநீர் சம்பந்தப்பட்ட பக்கங்களைப் பாதிக்கப்பட்டவர் நேரில் போய்ப் பார்க்கலாம். எந்த ஆலைக்கு என்ன நிபந்தனை என்பது அதில் இருக்கும்.

அப்புறம், வீட்டில் ஆர்.ஓ. இருந்தால் பி.எஃப்.ஏ.எஸ்.ஸைப் பெருமளவு குறைக்கும், ஃபில்டரை நேரத்துக்கு மாற்றினால். அது ஒதுக்கித் தள்ளும் தண்ணீரில் ரசாயனம் கூடுதலாக இருக்கும். கீரைப் பாத்திக்கு அதை விடாதீர்கள். ஆனால் ஆர்.ஓ. வாங்க முடியாத வீட்டுக்கும் அதே குழாய்தான். ஆகவே அந்த 10 ரூபாய் மனுவை உங்கள் தெருவில் யாராவது ஒருவர் இந்த வாரமே எழுதுங்கள்.