போல்ட் ஏற்றுமதியும் ஐரோப்பாவின் கார்பன் கணக்கும்

ஐரோப்பாவுக்கு போல்ட், நட், திருகு அனுப்பும் பட்டறைகளிடம் வாங்குபவர்கள் இப்போது ஒரு கேள்வி கேட்கிறார்கள்: உங்கள் சரக்கில் டன்னுக்கு எத்தனை டன் கார்பன் டை ஆக்சைடு? ஐரோப்பிய ஒன்றியத்தின் எல்லைக் கார்பன் விதிதான் காரணம். இரும்பு-உருக்கு, அலுமினியம், சிமென்ட், உரம், ஹைட்ரஜன், மின்சாரம் ஆகியவை அதன்கீழ் வருகின்றன. 2025 முடியும்வரை அறிக்கை மட்டும் கேட்டார்கள். 2026 ஜனவரி 1 முதல் இறக்கும் சரக்குக்குக் காசும் உண்டு.

அதைக் கட்டுபவர் அங்குள்ள இறக்குமதியாளர். அடுத்த விலைப் பேச்சில் அவர் அதைக் கிளப்பாமல் இருக்கமாட்டார். இரும்பு, அலுமினியம், சிமென்ட், உரம் எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 50 டன்னுக்கு மேல் இறக்காதவருக்கு விலக்கு உண்டு. இந்த 50 டன் அவருடைய மொத்தக் கணக்கு. நீங்கள் ஐந்து டன்தான் அனுப்பினீர்கள் என்பது எடுபடாது.

எரிபொருள் கணக்கு எளிது. ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறத்தாழ 2.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு. எரியாத பொருளும் கணக்கில் வரும்: ஒரு டன் தூய சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் 440 கிலோ வெளியேறும். தயாரிப்பில் செலவான மின்சாரத்தின் கார்பன் சிமென்டுக்கும் உரத்துக்கும் சேரும், இரும்புக்குச் சேராது.

பட்டறைக்காரர்கள் டீசல் பில்லைத் தேடி ஓடுகிறார்கள். ஆனால் போல்ட்டின் கார்பனில் பெரும்பங்கு வாங்கிய கம்பியிலேயே வந்துவிடுகிறது. ஊதுலையில் உருக்கிய இரும்பு டன்னுக்கு இரண்டு டன்னைத் தாண்டும். பழைய இரும்பை மின்னுலையில் உருக்கியது என்றால் வெகுவாகக் குறையும், ஏனெனில் பழைய இரும்புக்கு இந்த விதி பூஜ்யம்தான் போடுகிறது. ஆகவே கம்பி எந்த ஆலையில், எந்த முறையில் உருவானது என்பதை எழுத்தில் வாங்கி வையுங்கள். கம்பியோடு வரும் சோதனைச் சான்றிதழ் இதற்கு உதவாது. அதிலுள்ள கார்பன் சதவீதம் உருக்கின் கலவையைச் சொல்வது, புகையை அல்ல.

அங்கீகரிக்கப்பட்ட சரிபார்ப்பாளர் ஒப்புக்கொண்ட உண்மைக் கணக்கு இல்லையென்றால், ஐரோப்பிய ஆணையம் நிர்ணயித்த பொது மதிப்பைக் கூடுதல் சேர்த்துப் போடுவார்கள். குறைந்த கார்பன் கம்பி வாங்கியவருக்கு அது வீண் நஷ்டம்.

ஐரோப்பிய ஆலைகளுக்குக் காசில்லாமல் கிடைக்கும் கார்பன் வெளியீட்டு உரிமங்களுக்கு ஈடாக, கட்டும் காசில் இப்போது ஒரு தள்ளுபடி உண்டு. அது ஆண்டுக்காண்டு சுருங்கி 2034-இல் அற்றுப்போகும். 2026 சரக்குக்கான காசைக் கட்ட இறக்குமதியாளர் வாங்கவேண்டிய கார்பன் சான்றிதழ்களின் விற்பனை 2027 பிப்ரவரியில் தொடங்கும்.