மாத்திரை முதல்ல வந்துச்சா, கட்டி முதல்ல வந்துச்சா?

"அக்காவுக்கு நெத்தில வலின்னு போனோம், சைனஸ்னு சொல்லி மூணு மாசத்துல மூணு தடவ ஆன்டிபயாடிக் கோர்ஸ் குடுத்தாங்க, வலி போகல, கடைசில ஸ்கேன் எடுத்துப் பாத்தா மூளைல கட்டி. அத்தன மாத்திரை சாப்பிட்டதாலதான் வந்துச்சா?"ன்னு ஒரு வாசகர் கேட்டிருந்தாங்க. படிச்சதுல இருந்து மனசுல ஓடிட்டே இருக்கு, அதனால கொஞ்சம் நிதானமாவே சொல்றேன்.

மூளைக் கட்டில பல வகை இருக்கு, உங்க அக்காவுக்கு எதுன்னு நீங்க சொல்லல, அதனால கிளையோமாங்குற வகைய வச்சே சொல்றேன். நியூரான்களுக்கு, அதாவது நரம்பு செல்களுக்கு, துணையா இருக்குற கிளையல் செல்கள் மாதிரியான செல்கள்ல இருந்து வர்ற கட்டிதான் கிளையோமா. வருஷத்துக்கு லட்சம் பேர்ல சுமார் 6 பேருக்கு வரும். தலையில அதிக டோஸ் ரேடியேஷன் பட்டிருந்தா ரிஸ்க் கூடும், சில அரிதான பரம்பரைக் கோளாறுகள் இருந்தாலும் கூடும், இது ரெண்டும் உறுதி. ஆன்டிபயாடிக்கால வருதுன்னு காட்டுற உறுதியான சான்று இதுவரைக்கும் இல்ல.

சந்தேகப்பட்டதுல தப்பே கிடையாது. மெட்ரோனிடசோல்ங்குற ஆன்டிபயாடிக் குடுத்த எலிகளுக்குப் புற்று வந்ததால உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு அத 2பி பிரிவுல வச்சிருக்கு, அதாவது மனுஷங்களுக்கும் வரலாமோன்னு யோசிக்க இடமிருக்கு, நிரூபணம் இல்ல. அப்புறம் குடல் விஷயம். 2015ல ஜெர்மனியோட ஃப்ரைபுர்க்ல, குடல்ல கிருமியே இல்லாம வளர்த்த எலிகளோட மூளையப் பாத்தாங்க, அங்க காவல் வேல பாக்குற மைக்ரோகிளியா செல்கள் சரியா முதிராமலே கிடந்துச்சு. குடல் பாக்டீரியா உண்டாக்குற சின்ன கொழுப்பு அமிலங்கள தண்ணில கலந்து குடுத்ததும் அந்த செல்கள் ஓரளவு தேறிடுச்சு! சரி, ஆன்டிபயாடிக் குடல் பாக்டீரியாவக் கொல்லுதே, மூளைக் காவலும் தளர்ந்து கட்டிக்கு வழி விட்டுருமோன்னு கேக்கத் தோணும், கேக்கவும் வேணும்.

அப்போ மனுஷங்கள்ல எப்படிப் பாக்குறது? கட்டி வந்தவங்களையும் அதே வயசுல வராதவங்களையும் எடுத்து, யாரு எத்தன தடவ என்ன மாத்திரை வாங்குனாங்கன்னு ஒப்பிடுறாங்க. டென்மார்க்ல 1968ல இருந்து எல்லாருக்கும் ஒரு தனி நம்பர் இருக்கு, புற்றுநோய்ப் பதிவேடு 1943ல இருந்தே இருக்கு, மருந்துச் சீட்டுப் பதிவு 1995ல இருந்து, அதனால இந்த ஒப்பீடு அங்க சுலபம்.

எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இனிமேதான். இப்படி ஒப்பிடும்போது கட்டி கண்டுபிடிச்சதுக்கு முந்தின சில மாசத்துல ஆன்டிபயாடிக் அதிகமா இருந்தா, உடனே மாத்திரையக் கை காட்டிரக் கூடாது. கட்டி உள்ள வளர்றப்போ நெத்தில வலி வரலாம், அது சைனஸ் மாதிரியே இருக்கும். மூளையோட முன்பக்கத்துல இருந்தா சிறுநீர அடக்க முடியாமப் போகலாம், அத யூரின் இன்ஃபெக்ஷன்னு நெனச்சு மருந்து குடுப்பாங்க. இப்படி கட்டிதான் மாத்திரைய வர வச்சிருக்கும். காக்கா உக்கார பனம்பழம் விழுந்த கதைகூட இல்ல இது, பழம் ஆடுனதப் பாத்துத்தான் காக்காவே வந்திருக்கு.

இதப் பிரிக்க ஒரு அழகான வழி வச்சிருக்காங்க. கண்டுபிடிச்ச நாளுக்கு முந்தின ஒரு வருஷ மருந்துச் சீட்டு மொத்தத்தையும் கணக்குல இருந்து தூக்கிட்டுப் பாப்பாங்க, அப்புறம் ரெண்டு வருஷம், அஞ்சு வருஷம்னு தூக்கிப் பாப்பாங்க. மாத்திரைதான் காரணம்னா பழைய சீட்டுலயும் அந்த வித்தியாசம் நிக்கணும், அதிகமா சாப்பிட்டவங்களுக்கு ரிஸ்க்கும் அதிகமா இருக்கணும். கட்டிதான் முதல்லன்னா, தூக்கத் தூக்க வித்தியாசம் கரைஞ்சு போயிரும். புது மெஷின் எதுவும் வேணாம், தேதி மட்டும் போதும், எனக்கு இது எப்பப் பாத்தாலும் சந்தோஷமா இருக்கும். அதுக்காகவே சொல்றேன், வருஷக்கணக்கா பொறுமையா பதிவேடு வச்சிருக்குற வேலைக்கு இன்னும் நிறைய பணம் ஒதுக்கணும், அந்தத் தேதிகள் இல்லன்னா ஃபார்வர்ட் மெசேஜ் சொல்றதுதான் உண்மைன்னு ஆயிரும்.

உங்க அக்கா விஷயத்துக்கு வர்றேன். தலையில ரேடியேஷன் பட்டு கிளையோமா வந்தவங்களுக்கே அது பல வருஷம் கழிச்சுத்தான் வெளிய தெரிஞ்சிருக்கு, மூணு மாச மாத்திரை அதப் பண்ணிருக்க வாய்ப்பே இல்லன்னுதான் சொல்லுவேன். நீங்க எழுதுனதுலயே பதில் இருக்கு பாருங்க, முதல் மாத்திரைக்கு முன்னாடியே அவங்களுக்கு நெத்தி வலிச்சிருக்கு.