மணலுக்குள் ஒளியும் மழை: தார் பாலைவனத்தின் தண்ணீர்க் கணக்கு

ராஜஸ்தானின் ஜெய்சல்மேர் வட்டாரத்தில் ஓர் ஆண்டு முழுக்கப் பெய்யும் மழை சராசரியாகச் சுமார் 200 மில்லிமீட்டர்தான். அங்கே திறந்த தொட்டியில் தண்ணீரை நிரப்பி வைத்தால், வெயிலும் காற்றும் சேர்ந்து ஆண்டுக்குச் சுமார் 2,000 மில்லிமீட்டர் உறிஞ்சிவிடும். வரவைப்போல் பத்து மடங்கு செலவு. அப்படியிருந்தும் உலகில் மக்கள் நெருக்கம் மிகுந்த பாலைவனங்களில் தாரும் ஒன்று. கிடைக்கும் கொஞ்சநஞ்ச மழையை வெயிலின் கண்ணில் படாமல் எங்கே ஒளித்து வைப்பது என்பதில்தான் அங்கே பிழைப்பின் சூட்சுமம் இருக்கிறது.

முதல் ஒளிவிடம் மணலேதான். களிமண் காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும். அந்த வெடிப்பு வழியாக அடியிலுள்ள ஈரமும் போய்விடும். மணல் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டுவதில்லை, ஆகவே வெடிப்பும் இல்லை. மேல்மணல் மட்டும் சட்டென்று உலர்ந்துவிடும். உலர்ந்த மணலில் துகள்களுக்கு நடுவே உள்ள இடைவெளி பெரிது என்பதால், விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல ஈரம் மேலே ஏறிவர முடியாது. நீர்த்தொடர் பாதியில் அறுந்துவிடும். மேலே கால் பொசுக்கும் அந்த உலர்ந்த அடுக்குதான் கீழே உள்ள ஈரத்துக்கு மூடி.

மூடி இருந்தால் போதுமா, அடிப்பாத்திரம் வேண்டாமா? சூரு, பிகானேர், ஜெய்சல்மேர், பார்மேர் மாவட்டங்களின் சில பகுதிகளில் மணலுக்கு அடியில் ஜிப்சம் என்ற கனிமத்தின் கெட்டிப் படலம் ஒன்று ஓடுகிறது. ஊர்க்காரர்கள் அதைக் 'கடியா பட்டி' என்பார்கள். ஆழத்தில் கிடக்கும் உப்புத் தண்ணீரோடு மழைநீர் கலந்துவிடாமல் தடுப்பது இந்தப் படலம்தான். தண்ணீருக்கு அவர்கள் வைத்திருக்கும் மூன்று பெயர்களிலேயே இந்த அறிவு அடங்கியிருக்கிறது. தரைமேல் ஓடுவது 'பாலர் பாணி', பாதாளத்தில் கிடப்பது 'பாதாள் பாணி', இரண்டுக்கும் நடுவில் மணலில் தங்கும் ஈரம் 'ரேஜாணி பாணி'.

இந்த நடு ஈரத்தை எடுக்கத் தோண்டுவதுதான் குயி என்ற ஒடுங்கிய கிணறு. ஓர் ஆள் குந்தி உட்கார்ந்தால் முட்டியும் முதுகும் சுவரில் உரசும், அவ்வளவுதான் அகலம். கோடரியை ஓங்க இடமில்லாததால் குட்டைக் கைப்பிடி வைத்த சிறு மண்வெட்டியால் கொத்துவார்கள். ஆழம் போகப் போகப் புழுக்கம் ஏறி மூச்சு முட்டும். அதனால் மேலே நிற்பவர்கள் அவ்வப்போது பிடி மணலை விசையோடு உள்ளே எறிவார்கள். அது மேல்காற்றைக் கீழே தள்ளும், கீழே தேங்கிய சூட்டுக் காற்று எழும்பும். மணல் தலையில் விழும் என்பதால் உள்ளே இருப்பவர் உலோகத் தொப்பி அணிந்திருப்பார். மணற்சுவர் எந்த நேரமும் சரியலாம். ஆகவே கொஞ்சம் தோண்டியதும் கல்லாலோ, மரத்துண்டுகளாலோ, கீம்ப் என்ற புதரின் நாரில் திரித்த தடித்த கயிற்றாலோ சுவரை இறுக்கிவிட்டுத்தான் மேலும் இறங்குவார்கள். ஜிப்சம் தட்டுப்பட்டதும் வேலையை நிறுத்திவிட வேண்டும். ஆர்வக்கோளாறில் அதையும் துளைத்தால் உப்பு நீர்தான் மிச்சம்.

அகலம் குறைவாக இருப்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. சுற்றுமணலில் இருந்து ஈரம் சொட்டுச் சொட்டாகக் கசிந்து, ஒரு நாளைக்கு இரண்டு மூன்று குடம்தான் சேரும். அகலக் கிணற்றில் அது அடியில் பரவிப்போகும், வாளியில் மொள்ள வராது. குறுகிய அடியில் அதே நீர் நாலு விரல் உயரம் நிற்கும். கிணறு ஒரு குடும்பத்துடையதாக இருந்தாலும் அதில் ஊறும் ஈரம் பொது மணலுடையது. பக்கத்தில் புதிதாக ஒரு குயி வந்தால் பழைய குயிகளின் பங்கு குறையும் என்பதால், புதுக் குயி தோண்ட ஊர் சம்மதிக்க வேண்டும். நீரியல் படித்தவர் வகுத்த விதிபோல இருக்கிறது!

ஜிப்சம் இல்லாத ஊர்களில் 'டாங்கா' என்ற நிலத்தடித் தொட்டி. கணக்கு எளிது: ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். தொட்டியைச் சுற்றி 400 சதுர மீட்டர் தரையைச் சரிவாக இறுக்கி வைத்து, 100 மில்லிமீட்டர் மழையில் பாதியைப் பிடித்தாலும் 20,000 லிட்டர். ஆறு பேர் குடிக்கவும் சமைக்கவும் தலைக்கு 9 லிட்டர் வீதம் ஓர் ஆண்டு தாங்கும். கால்நடையை அந்தத் தரையில் நடக்கவிட்டால் அத்தனையும் பாழ்.

தாவரங்களில் இந்தக் கணக்கைத் திறமாகப் போடுவது வன்னி. ராஜஸ்தானில் அதற்குக் கேஜ்ரி என்று பெயர். 1983 முதல் அது மாநில மரம். ஆணிவேர் மிக ஆழத்தில் உள்ள ஈரத்தைத் தேடிப் போவதால், மற்றச் செடிகள் கருகிக் கிடக்கும் கோடையில் இது புதுத்தளிர் விடுகிறது. வேர் மேல்மண்ணில் போட்டிக்கு வராது, நிழல் அடர்த்தியில்லை, உதிரும் இலையால் மண்ணில் நைட்ரஜன் சேரும். ஆகவே வயல் நடுவே இந்த மரத்தை வெட்டாமல் விட்டு அடியில் கம்பு விதைக்கிறார்கள். இளங்காய் 'சாங்ரி', காய வைத்தால் ஆண்டு முழுக்கக் கறி. தழை ஆட்டுக்கும் ஒட்டகத்துக்கும். ஆண்டுதோறும் மொட்டையடித்தால் மட்டும் காய் கிடைக்காது. முற்றிய கிளையில்தான் அது பூக்கும். இப்போது பல இடங்களில் இம்மரம் பட்டுப்போகிறது. வேரைக் குடையும் வண்டுப்புழுவும் கானோடெர்மா பூஞ்சையும் ஒருபக்கம். டிராக்டர் உழவு நாற்றுகளை அறுத்துவிடுவதால் புது மரம் வராதது இன்னொரு பக்கம்.

இந்த மரத்துக்காக 1730இல் ஜோத்பூர் அருகே கேஜட்லி கிராமத்தில் அம்ருதா தேவி உட்பட, மரங்களைக் காப்பதைச் சமயக் கடமையாகக் கொண்ட பிஷ்னோய் சமூகத்தினர் 363 பேர் உயிரைக் கொடுத்தார்கள். பக்தி என்று மட்டும் இதைப் பார்ப்பது எனக்குப் போதாமலே படுகிறது. வன்னி போனால் தீவனமும் பஞ்சகால உணவும் போகும் என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்த கணக்கு.

ஒட்டகத்தின் திமிலில் இருப்பது கொழுப்பு, தண்ணீரல்ல. நீரைச் சேமிப்பதைவிடச் செலவழிக்காமல் இருப்பதில்தான் அது கில்லாடி. தண்ணீர் கிடைக்காத கோடையில் அதன் உடல்வெப்பம் விடியலில் 34 டிகிரி, மாலையில் 40 டிகிரி வரை போகும். 500 கிலோ உடல் 6 டிகிரி ஏறச் சுமார் 2,400 கிலோகலோரி பிடிக்கும். இந்த வெப்பத்தை வியர்த்துத்தான் தணிக்க வேண்டுமென்றால் லிட்டருக்கு 580 கிலோகலோரி வீதம் நாலு லிட்டருக்கு மேல் செலவாகியிருக்கும். ஒட்டகம் பகலில் சூட்டை உடம்பில் வாங்கி வைத்துக்கொண்டு இரவுக் குளிரில் சும்மா விட்டுவிடுகிறது. எடையில் கால்பங்கு நீர் போனாலும் தாங்கும். இழப்பு பெரும்பாலும் திசுக்களில் இருந்துதான், ரத்தம் கெட்டிப்படுவதில்லை. தண்ணீரைக் கண்டால் பத்து நிமிடத்தில் 100 லிட்டர் குடிக்கும். முட்டை வடிவச் சிவப்பணுக்கள் இரண்டு மடங்குக்கு மேல் உப்பினாலும் வெடிக்காது. இத்தனை இருந்தும், 2012இல் ராஜஸ்தானில் 3.26 லட்சமாக இருந்த ஒட்டகங்கள் 2019 கணக்கெடுப்பில் 2.13 லட்சமாகிவிட்டன. மேய்ச்சல் நிலம் சுருங்கியது, சுமை வேலையை வண்டிகள் எடுத்துக்கொண்டன. வளர்க்கும் ராய்கா மக்களுக்கு வருமானமில்லை.

சாண்டா என்ற முள்வால் பல்லியோ வளைக்குள் போனதும் வாயிலை மண்ணால் அடைத்துக்கொள்கிறது. அதுவும் ஒரு மூடிதான்.

1958இல் வேலை தொடங்கிய இந்திரா காந்தி கால்வாய் இந்தக் கணக்கைத் தலைகீழாக்கியது. சட்லஜ், பியாஸ் ஆறுகளின் நீர் பாய்ந்ததில் கோதுமையும் பருத்தியும் விளைந்தன; அந்த நன்மையை மறுக்க முடியாது. ஆனால் துளி ஈரத்தைத் தாங்கிப் பிடித்த அதே கெட்டிப் படலங்கள், வெள்ளமாய்ப் பாய்ந்த நீரையும் கீழே வடிய விடவில்லை. நீர்மட்டம் வேர்வரை ஏறியது. தரை நனைந்தே கிடந்ததால் மணலின் உலர்ந்த மூடி உருவாகவில்லை. நீர் ஆவியாக ஆவியாக உப்பு மேலே பூத்தது. கடைசியில் தேங்கிய நீரை உறிஞ்சி வெளியேற்றுவதற்கென்றே, பாலைவனத்தில் யூகலிப்டஸ் கன்றுகளை வரிசை வரிசையாக நட்டார்கள்.