அமெரிக்க விவசாய மானியம்: ஏட்டில் உள்ள ஏக்கருக்குத்தான் பணம்

கன்சாஸ் மாநிலத்தில் கோதுமை விலை சரிந்தால் அரசு விவசாயிக்குப் பணம் தருகிறது. அந்தப் பணம் இந்த ஆண்டு வயலில் நிற்கும் பயிரைப் பார்த்து வருவதில்லை. நிலத்தின் பெயரில் முன்பே பதிவான 'அடிப்படை ஏக்கர்' எவ்வளவு என்பதுதான் கணக்கு. பழைய சாகுபடி விவரங்களை வைத்துக் குறித்த அளவு அது. கோதுமை அடிப்படை ஏக்கரில் சோயா விதைத்திருந்தாலும் மானியம் கோதுமைக் கணக்கில்தான் வரும்.

விலை இழப்புத் திட்டத்தில் ஒவ்வொரு பயிருக்கும் சட்டம் ஒரு ஆதார விலை வைத்திருக்கிறது. 2019 விளைச்சலுக்குக் கோதுமையின் ஆதார விலை புஷலுக்கு 5.50 டாலர் (ஒரு புஷல் ஏறக்குறைய 27 கிலோ). நாடு முழுவதற்குமான சராசரி விலை 4.58 டாலரில் நின்றது. ஆக, இடைவெளியான புஷலுக்கு 92 சென்ட்தான் மானியம். 100 அடிப்படை ஏக்கரும், ஏக்கருக்கு 40 புஷல் என்ற பதிவு மகசூலும் உள்ள ஒருவரை எடுத்துக்கொள்வோம். அடிப்படை ஏக்கரில் 85 சதவீதத்துக்கு, அதாவது 85 ஏக்கருக்குத்தான் பணம். 85 × 40 × 0.92, அதாவது 3,128 டாலர். பிடித்தம் போக மீதி கைக்கு வந்தது 2020 அக்டோபரில். அறுவடை முடிந்து ஓராண்டுக்கு மேல்! அதற்குள் அடுத்த பயிருக்கு வாங்கிய கடனுக்கு வட்டி ஏறிவிடும்.

இன்னொன்று கவுண்டி வருவாய்த் திட்டம் (கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி). கவுண்டி முழுவதற்குமான சராசரி மகசூலை விலையால் பெருக்கி, அது உத்தரவாதத் தொகைக்குக் கீழே போனால் பணம். உங்கள் வயலில் மட்டும் ஆலங்கட்டி மழை கொட்டி, பக்கத்தில் எல்லாம் நன்றாக விளைந்திருந்தால் ஒன்றும் கிடைக்காது. அதற்குப் பயிர்க் காப்பீடு தனியாக வேண்டும். இரண்டு திட்டத்தில் ஒன்றைத்தான் பயிர்வாரியாகத் தேர்ந்தெடுக்கலாம். 2025 விளைச்சலுக்கு மட்டும் எது அதிகமோ அது தானாகவே கிடைக்கும் என்று 2025இல் வந்த சட்டம் சொல்கிறது. அதே சட்டம் கோதுமையின் ஆதார விலையை 6.35 டாலராக உயர்த்தியது. புதிதாக 3 கோடி ஏக்கர் வரை அடிப்படைக் கணக்கில் சேர்க்கவும் வழி செய்தது.

சரி, நிலம் குத்தகைக்குப் போயிருந்தால்? ரொக்கக் குத்தகை என்றால் பணம் உழுபவருக்கு. விளைச்சலில் பங்கு என்று வாரத்துக்கு விட்டிருந்தால் பயிரில் பங்குள்ள இருவரும் பிரித்துக்கொள்வார்கள். குத்தகைப் பேச்சில் நில உரிமையாளர் இந்த மானியத்தையும் மனதில் வைத்துத்தான் வாடகை கேட்பார். கணிசமான பங்கு அந்த வழியில் அவர் கைக்கே போய்விடுகிறது.

மானியத்துக்கு உச்சவரம்பு ஆளுக்கு ஆண்டுக்கு 1,25,000 டாலராக இருந்தது, 2025இல் 1,55,000 ஆனது. ஆனால் குடும்பப் பண்ணையில் நிர்வாகத்தில் பங்குண்டு என்று காட்டும் ஒவ்வொருவருக்கும் தனி வரம்பு. 2018 சட்டம் சித்தப்பா பிள்ளைகள், மாமா பிள்ளைகளையும் உடன்பிறந்தவர்களின் பிள்ளைகளையும் இந்தக் குடும்பத்துக்குள் சேர்த்தது. பெரிய பண்ணைகளுக்கு உச்சவரம்பு பெயரளவில்தான்.

விண்ணப்பம் எல்லாம் கவுண்டியிலுள்ள பண்ணைச் சேவை அலுவலகத்தில். வசந்தகாலப் பயிர்களின் விதைப்பு விவரத்தைப் பெரும்பாலும் ஜூலை 15க்குள் கொடுத்துவிட வேண்டும். முடிவில் திருப்தி இல்லையென்றால் முதலில் கவுண்டிக் குழுவிடமே முறையிடலாம். அதில் இருப்பவர்கள் உள்ளூர் விவசாயிகளே வாக்களித்து 3 ஆண்டுக்குத் தேர்ந்தெடுத்த விவசாயிகள்.