மூட்டையில் வந்த ஹெரால்டு

தண்டையார்பேட்டையில் இருக்கும் எங்கள் பட்டறைக்குப் போன வருஷம் ஒரு பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் வந்தது. பாடி ஒரு மினி லாரியில், மீதி நாலு சாக்கு மூட்டையில். வேறெங்கோ கழற்றிப் போட்டு, இரண்டு வருஷம் கிடப்பில் இருந்த வண்டி. "எல்லாம் இதுலதான் இருக்குண்ணே" என்றார் வண்டிக்காரர். இருந்தது உண்மைதான். எது எங்கே போகும் என்பதுதான் தெரியவில்லை.

பழைய வண்டி வேலை பாதியில் நின்றால் பணத்தைக் காரணம் சொல்வார்கள். நான் பார்த்தவரை, பல வண்டிகள் நின்றது கழற்றிய விதத்தால்தான். ஹெரால்டை முழுசாகக் கழற்ற இரண்டு பேருக்கு நாலு நாள் போதும். அந்த நாலு நாளில் எழுதி வைக்காததை அப்புறம் நாலு மாசம் தேட வேண்டியிருக்கும்.

ஹெரால்டு நம்ம பெருங்களத்தூரில் தயாரான வண்டி. அம்பாசிடர், பத்மினி மாதிரி ஒரே கூடு கிடையாது. சேசிஸ் என்கிற அடிச்சட்டம் தனி, அதன்மேல் பாடி துண்டு துண்டாக போல்டில் உட்காரும். இரண்டுக்கும் நடுவே பேக்கிங் தகடு இருக்கும், ஓரிடத்தில் இரண்டு, இன்னோரிடத்தில் மூன்று. கதவு சரியாகச் சாத்துவது அந்தக் கணக்கில்தான். தொழிலுக்கு வந்த புதிதில் நானே அதைத் தரையில் குவித்து வைத்தேன். சாயங்காலம் கூட்டிய பையன் குப்பையென்று நினைத்துப் பழைய இரும்போடு தள்ளிவிட்டான். பையன்மேல் தப்பில்லை. இரண்டு வாரம் ஒவ்வொரு தகடாக வைத்து, கதவைச் சாத்திச் சாத்திப் பார்த்தேன்.

இன்ஜினில் வால்வைத் திறக்கிற கம்பி, அதாவது புஷ் ராட், எட்டு. பார்க்க எட்டும் ஒன்றுபோலத்தான், ஆனால் ஒவ்வொன்றும் மேலே தன் ராக்கரோடும் கீழே தன் டாப்பெட்டோடும் தேய்ந்து பழகியது. ஸ்வீட் பாக்ஸ் அட்டையில் எட்டு ஓட்டை போட்டு, ஒரு ஓரத்தில் 'ரேடியேட்டர் பக்கம்' என்று எழுதி வரிசையாகச் செருகி வைக்கிறேன். இன்ஜின் தண்டைப் பிடித்திருக்கும் பேரிங் கேப்புக்கும் கழற்றும் முன்பே பஞ்ச் உளியால் அடையாளப் புள்ளி வைத்துவிட வேண்டும்.

போல்ட்டை ஒரே டப்பாவில் போடாதீர்கள். ஹெரால்டில் அங்குல மரை, பத்மினியில் மில்லிமீட்டர் மரை. கால் அங்குல போல்ட்டும் ஆறு மில்லி போல்ட்டும் கைக்கு ஒன்றுபோலத் தெரியும். மாற்றி முறுக்கினால் மரை போய்விடும். ஒரு பாகத்துக்கு ஒரு ஜிப் கவர், உள்ளே துளி ஆயில், கூடவே பென்சிலில் எழுதிய அட்டை. மார்க்கர் எழுத்து தின்னர் பட்டால் அழிந்துவிடும்.

வண்டிக்கு ஒரு லாங் சைஸ் நோட்டு போடுங்கள். இடது பக்கம் கழற்றியது, வலது பக்கம் வெளியே போனது: லேத்துக்கா, குரோம் பிளேட்டிங்குக்கா, எத்தனை எண்ணிக்கை, என்ன தேதி. பிளேட்டிங் கடையில் பத்து வண்டிச் சாமான் ஒரே தொட்டியில் கிடக்கும். கொடுக்கும்போதே தரையில் பரப்பி ஒரு போட்டோ எடுத்தால் பின்னால் சண்டை இல்லை.

காசிமேட்டுக் கடல் காற்றைப் பற்றி இந்தப் பக்கம் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. பெயின்ட்டைச் சுரண்டிய தகட்டை ராத்திரி அப்படியே விட்டால் காலையில் செம்மண் பூசியது போல இருக்கும். அன்றைக்கு ப்ரைமர் அடிக்க முடிகிற அளவுக்கு மட்டும் சுரண்டுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் டப்பாக்களைத் தரையில் வைக்கவே கூடாது.

சுரண்டும் முன் இன்னொரு வேலை இருக்கிறது. சேசிஸ் நம்பர், இன்ஜின் நம்பர் மேல் தாள் வைத்து பென்சிலால் தேய்த்து, நோட்டின் முதல் பக்கத்தில் ஒட்டுங்கள். 50 வருஷத்துக்கு மேற்பட்ட வண்டியை வின்டேஜ் என்று பதிய 2021-ல் விதி வந்தது. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், நம்பரில் 'விஏ' என்று வரும். ஆனால் சேசிஸ், பாடி, இன்ஜின் பெரிதாக மாறியிருக்கக் கூடாது. கிரைண்டர் பட்டு நம்பர் அழிந்த வண்டியை வைத்துக்கொண்டு ஆர்டிஓ ஆபீசில் என்ன சொல்வது? நம்பர் இருக்கும் இடத்தில் பள்ளம் நிரப்பும் பட்டி பூச வேண்டாம். மெல்லிசாக ப்ரைமர் போதும்.